தீவில் ஒரு செங்கல் பேராலயம்

ஐரோப்பாவின் பழைய பேராலயம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது கல் கட்டடம். வட ஜெர்மனியின் ராட்செபுர்க் நகரில், ஏரி நடுவே ஒரு தீவில் நிற்கும் பேராலயமோ செங்கல்லால் ஆனது. அந்தச் சமவெளியில் வெட்டியெடுக்கப் பாறை அரிது. பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்தான் ஏராளம். அதைப் பிசைந்து, அச்சில் அறுத்து, காயவைத்து, சூளையில் சுட்டார்கள். நம் ஊர்ச் செங்கலைவிடப் பெரிய கற்கள் அவை. அரைவட்ட வளைவுகளும் கனத்த சுவர்களுமாக ரோமனெஸ்க் பாணியில் 1160-களில் தொடங்கிய வேலை 1220 வாக்கில்தான் முடிந்தது. முதல் சூளைக்கு நெருப்பு வைத்தவர்களில் எத்தனை பேர் கூரையைப் பார்த்திருப்பார்கள்?

கட்டச் செய்தவர், 'சிங்கம்' எனப் பட்டம் பெற்ற சாக்சனி கோமகன் ஹென்றி. ஆனால் அந்த நிலம் ஸ்லாவிய மக்களுடையது. 1066-இல் எழுந்த கிளர்ச்சியில், ராட்செபுர்க் அருகே மடாதிபதி அன்ஸ்வெருசும் உடனிருந்த துறவிகளும் கல்லெறிந்து கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின், 1154-இல், வாளோடு வந்த அதே ஹென்றிதான் அங்கே மறைமாவட்டத்தையும் நிறுவினார். அந்த மக்களின் கண்ணுக்குச் சிலுவையும் வாளும் ஒரே கையில் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். மறைசாட்சிகளின் இரத்தத்தைப் பற்றிப் பேசும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் ஆயராக வந்தவர் எவர்மோத், புனித நார்பெர்ட்டின் சீடர். அவரைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. உள்ளூர்ப் பிரபு சில ஃபிரிசியக் கைதிகளை விலங்கிட்டு வைத்திருந்தார். விட்டுவிடும்படி ஆயர் மன்றாடியும் பிரபு இணங்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவன்று ஆயர் தீர்த்தம் தெளித்தார். விலங்குகள் கழன்று விழுந்தன. அது நடந்தபடியே நடந்ததா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். ஆள்வோர் தயவில் எழுந்த ஆலயத்தின் ஆயரை, ஆள்வோர் பூட்டிய விலங்கை அவிழ்த்தவராகவே மக்கள் நினைவில் வைத்தார்கள் என்பது நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பெரும் கட்டடத்தைத் தொடங்கியவர் என்ற பெருமை அவருக்குப் போதுமானதாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

எவர்மோத் 1178-இல் இறந்தார். இரண்டே ஆண்டில் ஹென்றியும் தம் கோமகன் பதவியை இழந்தார். செங்கல் வேலை மட்டும் நிற்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் லூத்தரன் சபைக்கு மாறிய அந்தப் பேராலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. எவர்மோத் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.