காஞ்சிபுரத்து இசை நினைவு நாட்கள்

இசைவாணர் பிறந்த நாளையும் மறைந்த நாளையும் ஆண்டுதோறும் போற்றும் வழக்கம், சங்கீத சபைகளும் வானொலியும் வந்த பிறகு நம்மிடையே தோன்றியதன்று. அது கோயிற் பஞ்சாங்கத்தின் வழியே வந்தது என்பதைக் காஞ்சிபுரத்தின் சரித்திரம் நன்கு காட்டுகிறது. வைணவர்கள் ஆழ்வார் ஆசாரியர்களின் ஜன்ம நட்சத்திரத்தைக் கொண்டாடுவர். ஆகவே திருவெஃகாவில் அவதரித்த பொய்கையாழ்வாருக்கு ஐப்பசித் திருவோணமும், தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகருக்குப் புரட்டாசித் திருவோணமும் உற்சவ நாட்களாயின. சைவர்களோ இறைவன் திருவடியை அடைந்த நாளையே குருபூஜை என்று கொள்வர். சுந்தரர், இழந்த கண்களுள் இடக்கண்ணைக் கச்சி ஏகம்பத்திலே பெற்றுப் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் கூறுவதால், அவருடைய குருபூஜையாகிய ஆடிச் சுவாதிக்கு இவ்வூரில் தனிப்பெருமை உண்டு. பிறப்பைக் கொண்டாடுவதா, முக்தியைக் கொண்டாடுவதா என்னும் இவ்விரண்டு மரபுகளுமே பிற்காலத்தில் சங்கீத உலகத்தில் ஜயந்தி என்றும் ஆராதனை என்றும் வழங்கலாயின.

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரிற் பிறந்தவர்களேயாயினும், மூவருக்கும் காஞ்சியோடு தொடர்பு உண்டு. சியாமா சாஸ்திரிகளின் (1762–1827) முன்னோர் காஞ்சியில் பங்காரு காமாட்சியைப் பூஜித்து வந்தவர்கள். படையெடுப்புக்கு அஞ்சி அந்தப் பொன் விக்கிரகத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்று, முடிவில் தஞ்சாவூரில் பிரதிஷ்டை செய்தனர். சாஸ்திரிகளின் பைரவி ஸ்வரஜதி அந்தக் காமாட்சியையே பாடுவது. காஞ்சியில் மடம் அமைத்து, நூற்றெட்டு உபநிஷத்துகளுக்கும் உரை வகுத்த உபநிஷத் பிரம்மேந்திரர், தியாகராஜரைத் தம்மிடம் வருமாறு ஸ்ரீமுகம் அனுப்பி அழைத்தார் என்பது பிரசித்தம். முத்துசுவாமி தீட்சிதரோ சில ஆண்டுகள் காஞ்சியிலேயே வசித்து, அந்த யதியின் ராமாஷ்டபதிக்கு இசை அமைத்ததாகச் சம்பிரதாயம் கூறும். ஏகாம்பரநாதர்மீது அவர் பைரவியில் இயற்றிய கீர்த்தனம் இன்றும் மேடைகளிற் பெருமையுடன் பாடப்படுகிறது.

தீட்சிதரின் ஜன்ம தினமே, பஞ்சாங்கக் கணக்கை ஆங்கிலத் தேதியாக மாற்றுவதில் உள்ள சிக்கலுக்குச் சிறந்த உதாரணம். அவர் பிறந்தது மன்மத வருஷம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். மன்மத வருஷம் 1775ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. பங்குனி அதன் கடைசி மாதம். ஆதலால் அது 1776 மார்ச்சில் வந்து விழும். வருஷத்தை மட்டும் பார்த்து 1775 என்று எழுதிய நூல்கள் பல. அறுபது ஆண்டுச் சக்கரம் முழுதும் சுழன்று மீண்டும் மன்மத வருஷம் வந்தபோது, 1835ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, நரக சதுர்த்தசியன்று, எட்டயபுரத்தில் அவர் மறைந்தார். அதனால் அவருடைய ஆராதனையை நினைவில் வைத்துக்கொள்ளப் பஞ்சாங்கமே வேண்டியதில்லை. தீபாவளியே அந்த நாள்.

தியாகராஜர் 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி சித்தியடைந்தார். திதி புஷ்ய பகுள பஞ்சமி. சாந்திரமான வருஷம் ஏறக்குறைய 354 நாட்களே உடையதாகையால் திதி ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, அதிக மாசம் வரும்போது மீண்டும் பின்னே தள்ளப்படும். ஆதலின் ஆராதனை சில ஆண்டுகளில் ஜனவரித் தொடக்கத்திலும், சில ஆண்டுகளில் அம்மாதக் கடைசியிலும் நிகழ்கிறது. திருவையாற்றில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆராதனை பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளவுபட்டு நின்றதும், பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுச் சமாதியில் ஆலயம் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்வித்ததும் பலரும் அறிந்தவை.

அக்காலத்தில் காஞ்சிபுரத்திலும் தியாகராஜ உற்சவம் ஒன்று சிறப்புற்று விளங்கியது. அதனை நடத்தியவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்திற் பிறந்த அவர், இளமையில் மல்வித்தையில் நாட்டம் கொண்டிருந்து, பின்னர் சங்கீதத்தில் இறங்கி, லய ஞானத்திலே தமக்கு இணையில்லை என்று சொல்லும்படி உயர்ந்தார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் நிறைந்த அவருடைய கச்சேரியை ரசிகர்கள் ‘புல் பெஞ்ச்’ என்றே அழைத்தனர். அரிய தாளங்களில் அமைந்த திருப்புகழை மேடைக்குக் கொணர்ந்ததில் அவர் பங்கு பெரிது. தியாகராஜ கீர்த்தனங்களுக்கும் திருப்புகழுக்கும் ஒரே மேடையில் இடம் தந்த அந்த மனம், பிற்காலத்துத் தமிழிசை விவாதங்களை நினைக்குந்தோறும் நம் வணக்கத்திற்கு உரியதாகிறது. சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளையும், வீணை தனம்மாளின் பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பயின்றவர்கள்.

நாயனாப் பிள்ளையைத் தெய்வமாக எண்ணி வளர்ந்த ஒரு காஞ்சிபுரத்துச் சிறுமி, போட்டி ஒன்றில் அவர் முன்னிலையில் தியாகராஜரின் ‘ரக்ஷ பெட்டரே’ என்னும் பைரவி ராகக் கீர்த்தனத்தைப் பாடி முதற் பரிசு பெற்றாள். 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்த தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாளே அச்சிறுமி. தீட்சிதர் பரம்பரையைச் சேர்ந்த அம்பி தீட்சிதரிடம் அவர் பயின்றதனால், காஞ்சியிற் பிறந்த பல கீர்த்தனங்கள் அவர் குரலிலே நிலைபெற்றன. ராகம் தானம் பல்லவியைக் கச்சேரி மேடையில் துணிந்து பாடிய பெண்களுள் அவரே முன்னோடி.

1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சென்னை அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கிய பிறகு, திதியோடும் நட்சத்திரத்தோடும் ஆங்கிலத் தேதியும் சங்கீத நினைவில் இடம்பெற்றது. சுதந்திரம் பிறந்த 1947 ஆகஸ்டில் பட்டம்மாள் வானொலியில் பாரதியாரைப் பாடியதையும், எம். எஸ். சுப்புலட்சுமி 1966ஆம் ஆண்டு அக்டோபரில், காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’வை ஐக்கிய நாடுகள் சபையிலே பாடியதையும் மக்கள் தேதி கொண்டே நினைவுகூர்கின்றனர். பட்டம்மாள் 2009ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய நூற்றாண்டு 2019இல் நிறைவுற்றது.