தாளம் போடுறது ஆர்? சீக்குவென்சரின் கதை

கோயில் மேளச்சமாவில் தாளம் போடுறவரை ஆரும் பெரிசாகக் கவனிக்கிறதில்லை. நாதஸ்வரக்காரருக்குக் கைதட்டு, தவில்காரருக்குச் சால்வை. ஆனால் தவில் எவ்வளவு தூரம் கணக்குப் போட்டு ஓடினாலும் கடைசியில் வந்து சேருகிற இடம் அந்தச் சின்னத் தாளம்தான். அது பிசகினால் எல்லாரும் பிசகவேண்டியதுதான்.

மின் இசையிலும் அப்படி ஒரு கருவி இருக்கு. பேர் சீக்குவென்சர். தனக்கெண்டு ஒரு சத்தமும் இல்லாத கருவி அது. எப்போது, எந்தச் சுரம் எண்டு மற்றக் கருவிக்குச் சொல்லுவது மட்டுமே அதன் வேலை. கேட்க இன்னொரு கருவி இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. அதனால் சீக்குவென்சரின் வரலாற்றை ஒரு கண்டுபிடிப்பின் வரலாறாக மட்டும் எழுத ஏலாது. வெவ்வேறு ஆக்கள் செய்த இயந்திரங்கள் ஒரே காலத்தில் சேர்ந்து வாசிக்கப் பழகின வரலாறு அது. அந்தச் சேர்க்கை எப்படி நடந்தது, அதற்கு என்ன விலை குடுக்கப்பட்டது எண்டதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

நாடாவை வெட்டின காலம்

1950களில் மின் இசை செய்வது கிட்டத்தட்டத் தையல் வேலை. ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து, ஒலிநாடாவைச் சவர அலகால் வெட்டி, வரிசையாக ஒட்டவேணும். ஸ்டூடியோ நாடா செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 120 தட்டு எண்டால் ஒரு தட்டின் நீளம் 19 சென்ரிமீற்றர். அதை நாலாகப் பிரித்தால் ஒரு சுரத்துக்கு 5 சென்ரிமீற்றர்கூட வராது. ஒரு நிமிட இசைக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்.

சான் பிரான்சிஸ்கோ ரேப் மியூசிக் சென்ரரை நடத்திய மோர்ட்டன் சுபொட்னிக்கும் ரமோன் சென்டரும் இந்தத் தையல் வேலையில் களைத்துப் போனவர்கள். 1963 அளவில் டொன் புக்லாவிடம் போய் வேறு விதமான கருவி ஒன்று கேட்டார்கள். ரொக்ஃபெல்லர் நிதியத்தின் நன்கொடையில் இருந்து 500 டொலர் குடுக்கப்பட்டது. புக்லா செய்த மொடியூலர் கருவியில் சீக்குவென்சர் ஒரு முக்கிய உறுப்பு. 8 அல்லது 16 படிகள். ஒவ்வொரு படிக்கும் திருகிகள். ஒரு துடிப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகும், அந்தப் படியின் திருகியில் வைத்த அளவுக்கு வோல்ற்றளவை வெளியே அனுப்பும். அந்த வோல்ற்றளவு சுரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கலாம், சத்தத்தின் அளவையும் தீர்மானிக்கலாம், எதை வேணுமெண்டாலும் தீர்மானிக்கலாம். வயரை எங்கே குத்துறீங்கள் எண்டதைப் பொறுத்தது.

1967 இல் சுபொட்னிக் இந்தக் கருவியில் 'சில்வர் ஆப்பிள்ஸ் ஒஃப் த மூன்' இசைத்தட்டைச் செய்தார். அதில் ஓடுகிற வேகமான சுரக்கோவைகளை அலகால் வெட்டிச் செய்வதெண்டால் எத்தனை மாதம் போயிருக்கும்!

ஒரு விசயத்தை இங்கே குறித்து வைப்போம். புக்லா பியானோ மாதிரியான கட்டைகளைத் தன்னுடைய கருவியில் வைக்க விரும்பவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் வந்தால் பழைய பழக்கமும் பின்னாலேயே வரும் எண்டது அவருடைய பார்வை. அதே காலத்தில் நியூயோர்க் மாநிலத்தில் ரொபர்ட் மோக் செய்த கருவியில் கட்டைகள் இருந்தன. சந்தையில் வென்றது மோக்தான். இந்தக் கட்டைப் பிரச்சினை கடைசியில் திரும்பவும் வரும்.

மூடி வைத்த அறிவு

உண்மையில் இவர்களுக்கு முன்னமே ரேமண்ட் ஸ்கொட் எண்ட அமெரிக்க இசையமைப்பாளர் சுவர் முழுக்க நிற்கிற இயந்திரங்களைச் செய்து, விளம்பரங்களுக்குத் தானாக ஓடுகிற சுரக்கோவைகளை வாசிக்க வைத்திருந்தார். இளவயதில் மோக் தகப்பனோடு போய் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு ஸ்கொட்டுக்குச் சில சுற்றுகளும் செய்து குடுத்தார். ஆனால் ஸ்கொட் தன் வேலையை இரகசியமாகவே வைத்திருந்தார். மற்றவை பார்த்துச் செய்துபோடுவினம் எண்ட பயம். விளைவு என்ன? இண்டைக்கு 'மோக்' எண்ட பேர் தெரிந்த எத்தனையோ பேருக்கு ஸ்கொட் ஆரெண்டே தெரியாது. மற்றக் கருவிகளோடு கதைக்காத சீக்குவென்சர் தன்னைச் செய்தவரோடேயே நிண்டுவிட்டது.

இரண்டு மொழி பேசின வோல்ற்று

மூடி வைக்காதவர்களுக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. ஒவ்வொரு கம்பனியும் தன் சொந்த மொழியைப் பேசினது. மோக்கின் கணக்கில் 1 வோல்ற்று கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். யமஹா, கோர்க் ஆகிய யப்பானியக் கம்பனிகளின் அந்தக்காலக் கருவிகள் பலவற்றில் கணக்கு வேறு. அங்கே வோல்ற்றளவு இரட்டித்தால்தான் ஒரு ஸ்தாயி ஏறும்.

இது சும்மா காகிதத்து வித்தியாசம் இல்லை. ஒரு சீக்குவென்சர் 1, 2, 3 வோல்ற்று எண்டு அனுப்புகிறது எண்டு வைப்போம். மோக் கருவி ச, மேல் ச, அதற்கும் மேல் ச எண்டு வாசிக்கும். அதே வயரைக் கோர்க் எம்எஸ்-20 இல் குத்தினால் முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ச வராது, ப வரும். ஏனெண்டால் 2க்கும் 3க்கும் உள்ள விகிதம் ஸ்தாயி இல்லை, பஞ்சமம். சுரத்தைத் தொடக்கிவிடும் சமிக்ஞையிலும் இதே சண்டை. சில கருவிகள் வோல்ற்றளவு ஏறினால் தொடங்கும். மோக் கருவிகளுக்கோ சுற்றைக் குறுக்கவேணும்.

இந்தச் சிக்கலுக்குள்ளேயும் இசை நடந்தது. 1974 இல் வந்த 'ஃபீட்ரா' இசைத்தட்டில் ஜேர்மனியின் டாஞ்சரின் ட்ரீம் குழு மோக் சீக்குவென்சரை மெலட்ரோன், விசிஎஸ்3 போன்ற கருவிகளோடு சேர்த்து வாசித்தது. சூடு ஏற ஏற மோக்கின் சுருதி விலகும். அந்த விலகல் பதிவிலேயே இருக்கு.

1977 இல் மியூனிக் நகரில் ஜோர்ஜியோ மொரோடரும் பீட் பெலொட்டும் டொனா சமருக்காக 'ஐ ஃபீல் லவ்' பாட்டைச் செய்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. மோக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கலாம். அப்படியெண்டால் ஒவ்வொரு தடமாகப் பதியவேணும். இரண்டாம் தடத்தை முதல் தடத்தோடு எப்படி இம்மியும் பிசகாமல் சேர்ப்பது? ரொபி வெடல் எண்ட தொழில்நுட்பவியலாளர் வழி காட்டினார். நாடாவின் ஒரு தடத்தில் துடிப்பை மட்டும் பதிந்து, அந்தத் துடிப்பைக் கொண்டே சீக்குவென்சரை ஓட்டுவது. அதாவது நாடாவே தாளம் போட்டது. பேஸ் டிரம்மின் அடி மட்டும் மோக்கில் திருப்தியாக வரவில்லை. அதைக் கீத் ஃபோர்சி காலால் அடித்தார், இயந்திரம் போட்ட தாளத்துக்கு. அதுவரை இயந்திரத்தைப் பார்த்து மனிசர் சொன்னது "என்னோடு வா" எண்டு. இங்கே சொல் மாறிவிட்டது.

24ஆ, 48ஆ, 96ஆ?

அடுத்த கட்டத்தில் யப்பானின் ரோலன்ட் கம்பனி டிஆர்-808 டிரம் இயந்திரத்தையும் டிபி-303 பேஸ் கருவியையும் ஒரே வயரால் இணைத்தது. ஒரு தட்டுக்கு 24 துடிப்பு. ஆனால் கோர்க் 48 துடிப்பு அனுப்பினது. ஓபர்ஹைம் 96. இரண்டு கம்பனியின் கருவிகளை நேரே இணைத்தால் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு, நாலு மடங்கு ஓடும். ஒரு கம்பனியின் பொருளை வாங்கினால் அந்தக் கம்பனியிடமே எல்லாத்தையும் வாங்கவேணும்.

பம்பாயின் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982 இல் செய்ததும் ஒரே குடும்பத்துக் கருவிகளை வைத்துத்தான். ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றும் ரோலன்ட். அவற்றில் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக விட்டார். அப்போது ஆரும் கவனிக்கவில்லை. 2010 இல் மறுபடி வெளிவந்தபோது, சிக்காகோவில் பிறந்த அசிட் ஹவுஸ் இசைக்கு முன்னமே இது எப்படி எண்டு உலகம் வாய் பிளந்தது.

இந்தக் குடும்பச் சிறையை உடைத்தது இரண்டு போட்டிக் கம்பனிகள்தான் எண்டதுதான் சுவாரசியம். ரோலன்ட்டின் இகுதாரோ ககெஹாஷியும், கலிபோர்னியாவில் சீக்குவென்ஷல் சேர்கிற்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்தும் முன்னுக்கு நிண்டு, வேறு சில கம்பனிகளையும் சேர்த்து ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். அதுதான் மிடி. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் நாம் கண்காட்சியில் ஸ்மித்தின் புரொஃபெற்-600 உம் ரோலன்ட்டின் ஜூபிட்டர்-6 உம் ஒரு வயரால் இணைந்தன. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. ஒரு தட்டுக்கு 24 துடிப்பு எண்டது பொது விதியானது. அனுமதிக் கட்டணம் கிடையாது. ஆரும் பாவிக்கலாம்.

இந்தக் கடைசி விசயத்தை நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். கட்டணம் வைத்திருந்தால் மிடி பணக்கார ஸ்டூடியோக்களோடு நிண்டிருக்கும். இலவசமாக விட்டபடியால்தான் மலிவான கணினி, மலிவான கீபோர்ட் எல்லாத்துக்குள்ளும் போனது. 1986 இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினிச் சீக்குவென்சர் பாவித்ததும், இண்டைக்குத் திருவிழா இரவில் இசைக்குழுவின் கீபோர்ட்டுக்குப் பின்னால் மிடி துளை இருக்கிறதும் இந்த ஒரு முடிவின் தொடர்ச்சிதான்.

சேர்க்கையின் விலை

ஆனால் எந்தப் பொது மொழியும் ஆரோ ஒருவரின் வாய்மொழியில் இருந்துதான் வரும். மிடி பிறந்தது கீபோர்ட் செய்கிற கம்பனிகளின் மேசையில். அதன் அடிப்படை அலகு ஒரு கட்டையை அமத்துவது, விடுவது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை இலக்கம். இரண்டு இலக்கத்துக்கு நடுவில் இருக்கிற இடத்துக்குப் பேர் இல்லை. சுரத்தை வளைக்க ஒரு வழி இருக்கு, ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கிற எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். கமகத்தை உயிராகக் கொண்ட இசைக்கு இது எவ்வளவு இடைஞ்சல் எண்டு சொல்லத் தேவையில்லை. புக்லா பயந்த கறுப்பு வெள்ளைக் கட்டைகள் ஒரு கருவியின் முகத்தில் இருந்து முழு உலகத்தின் விதிக்குள்ளே குடிபோய்விட்டன. நாதஸ்வரக்காரரை ஆரும் அந்த மேசைக்குக் கூப்பிடவில்லை.

வோல்ற்றளவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்குப் படிக்கட்டு தெரியாது, வழுக்கிக்கொண்டே போகும். மிடி வந்து பத்துப் பதினைந்து வருசத்துக்குப் பிறகு ஜேர்மனியின் டீட்டர் டொப்ஃபர் ஏ-100 எண்ட மொடியூலர் தொகுதியை 1990களின் நடுவில் கொண்டுவந்ததற்கும், அது பெரிய அலையாக மாறினதற்கும் இதுவும் ஒரு காரணம். டொப்ஃபரும் தன் அளவுகளை மூடி வைக்கவில்லை. பெட்டியின் உயரம், மின் வழங்கல், வயரின் துளை எல்லாம் வெளியே தெரிந்தபடியால் வேறு நூற்றுக்கணக்கான சிறு தயாரிப்பாளர்கள் அதே சட்டத்துக்குள் தங்கள் கருவிகளைப் பொருத்தினார்கள். இப்போது அதை யூரோராக் எண்டு கூப்பிடுகினம்.

இண்டைக்கு ஒரு மேசையில் மொடியூலர் சீக்குவென்சர், டிரம் இயந்திரம், மடிக்கணினி மூன்றும் சேர்ந்து இருக்கும். சேர்த்த உடனே வருகிற முதல் கேள்வி பழைய கேள்விதான்: ஆர் தாளம் போடுறது? கணினி போட்டால் அது தட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். மொடியூலர் சீக்குவென்சரோ பெரும்பாலும் ஒரு படிக்கு ஒரு துடிப்பை எதிர்பார்க்கும். தட்டை நாலாகப் பிரித்தால் 4 படி. அதனால் நடுவில் 6 ஆல் பிரிக்கிற ஒரு கருவி வேணும். இல்லையெண்டால் சீக்குவென்சர் ஆறு மடங்கு வேகத்தில் பறக்கும். மொடியூலரையே தலைவராக்கி மற்றதுகளை அதன் பின்னால் விடுகிறவர்களும் இருக்கினம். அப்படிச் செய்தால் தாளம் கொஞ்சம் இழுபடலாம், கையால் ஒரு திருகியைத் திருப்பி ஓட்டத்தையே மாற்றலாம்.

2020 இல் மிடி 2.0 வந்தது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்க அதில் இடம் இருக்கு. முதல் ஒப்பந்தத்தில் விடுபட்டதைத் திருத்த 37 வருசம் எடுத்திருக்கு. விதி எழுதுகிற மேசையில் ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டதை இசைக் கருவி விசயத்திலும் கேட்டுத்தான் ஆகவேணும். மூடி வைத்த ஸ்கொட்டைவிடத் திறந்து விட்ட ககெஹாஷியும் ஸ்மித்தும் எங்களுக்குப் பெரியவர்கள்தான். அதற்காக அவர்கள் போட்ட தாளத்துக்குள் எங்கட இசை முழுக்க அடங்கிவிட்டது எண்டு அர்த்தம் இல்லை.