குழறும் நாக்கு

நம் ஜனங்கள் நோயைப் பார்த்துச் சிரிப்பதில்லை. குடியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். சிக்கல், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில்தான். கால் பின்னுகிறது, நாக்கு குழறுகிறது, கை டம்ளரை நழுவ விடுகிறது. கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே இயக்க நரம்பணு நோயோடு வாழ நேர்ந்தவன் முதலில் நோயாளி ஆவதில்லை, குடிகாரன் ஆகிறான். இந்தச் சிரிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது என் எண்ணம்.

நோயைப் பற்றி முதலில். தசைகளுக்கு உத்தரவிடும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் மடிகின்றன; தசை மெலிகிறது. தொடு உணர்வு போவதில்லை. அறிவும் பெரும்பாலோருக்கு மங்குவதில்லை. 1869இல் பாரிஸில் ஷார்கோ இதை விவரித்தார். பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளில் உயிர் குடிக்கும் நோய். 1970இல் சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் இதன் வேறொரு வகையைப் பதிவு செய்தார்கள். இளமையில் தொடங்கும், கைகால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், காதும் கேளாமல் போகும், ஆனால் மெதுவாக, பல்லாண்டுகள் நீளும். உலக மருத்துவத்தில் அதன் பெயரே 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. கூப்பிட்டால் கேட்காது, பேசினால் குழறும்: நம் சிரிப்பு நடிகர்கள் தலைமுறைகளாகப் பிழைத்துவந்த இரண்டு சரக்கும் ஒரே உடம்பில். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த நோய்க்கு நம் தெருவில் பெயர் இல்லை.

இனி சரித்திரம். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில் தொடங்கினார். கல்வராயனின் ஒரு பக்கம் சேலத்தைச் சேர்ந்தது. 1948இல் விலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. அதோடு மனிதனின் நடையும் பேச்சும் சாட்சியங்களாயின. குடிபோதைக்கு டாக்டர் தரும் சான்றிதழில் வாடை, கண், பேச்சு, நடை எல்லாம் குறிக்கப்படும். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்த மலை, வெளியுலகத்துக்கு அறிமுகமானது பெரும்பாலும் சாராய ஊறலைத் தேடிப் போன போலீஸ் வழியாகத்தான். போலீஸின் பார்வையை நாளடைவில் ஊரும் கற்றுக்கொண்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கருணாபுரம் இருப்பது நகரத்தில். மெத்தனால் மலை ஊறலில் பிறப்பதல்ல, தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் பழியில் ஒரு பங்கு மலைக்கும் போயிற்று. முதல் சாவுகளின்போது சாராயம் காரணமல்ல என்று நிர்வாகம் சொல்லி, உடல்நலக் கோளாறுகளைக் காட்டியது. நிர்வாகம் சாராயத்தை நோய் என்கிறது. தெரு நோயைச் சாராயம் என்கிறது. இரண்டுக்கும் பொதுவானது, உடம்பை அருகில் போய்ப் பார்க்க மறுப்பது.

வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருமுறை பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு, ஊர்ப் பெயரைச் சொல்ல முயல்கிறார். "என்னா பங்காளி, காத்தாலயே ஏத்திக்கிட்டியா?" என்றார் கண்டக்டர். "குடி இல்லீங்க, நரம்பு வியாதிங்க" என்றாள் மனைவி. சிரிப்பு இரட்டிப்பானது. லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகள் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லைப் படுக்கையறை ரகசியமாக்கி எத்தனையோ காலமாகிறது. உண்மையைச் சொல்லத் தமிழில் கைவசமிருந்த ஒரே சொல்லும் அவளுக்குப் பயன்படவில்லை. குடி என்றே விட்டிருந்தால் கௌரவம் மிஞ்சியிருக்கும்.

கலை இதை மாற்றும் என்பார்கள். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தின் வாதம், அந்த மனிதனைச் சப்பாணி என்று கூப்பிடாதே, அவனுக்கு கோபாலகிருஷ்ணன் என்று பெயர் இருக்கிறது என்பது. படம் ஓடியது. தெருவில் தங்கியது 'சப்பாணி' மட்டும்.

சட்டம்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் தசைச் சிதைவுக்குப் பெயர் இருக்கிறது. இந்த நோய்க்கு இல்லை. 'நாட்பட்ட நரம்பு நோய்கள்' என்ற பொதுக் கூரையில் ஒதுங்க வேண்டும். அதே சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. ஒரு பஸ் முழுவதையும் யார் சிறையில் வைப்பது? கருணாபுரத்துக்கு மூன்று வாரம் கழித்து, 2024 ஜூலை 8இல், உச்ச நீதிமன்றம் ஒரு சினிமா வழக்கில், குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடுள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. நல்ல விமர்சன வாக்கியம். 

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல் நோய் தெரிந்தது; 2018 வரை இருந்தார். இயந்திரக் குரலில் தன்னையே கேலி செய்துகொண்டார். அவர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்க ஒரு சபை இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிஷம் எடுக்கும் மனிதனிடம் நாம் முதல் அரை வார்த்தையிலேயே சிரித்து முடித்துவிடுகிறோம். அவன் சொல்ல வந்தது நம்முடையதைவிட நல்ல ஹாஸ்யமாகக்கூட இருந்திருக்கலாம்.