மெய்ஞ்ஞானபுரத்திலிருந்து கரிசலுக்கு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில்தான் பனவடலிசத்திரம். வழிப்போக்கர் தங்கும் சத்திரம் ஊர்ப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கே தேரிக்காட்டில் மெஞ்ஞானபுரம் என்று இன்னொரு ஊர். மெய்ஞ்ஞானத்தின் புரம். கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் தினமும் கேட்கிற ‘தேவஞானம்’ அங்கே ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் அந்த ஞானம் எப்படி இருந்தது என்று பார்க்க, இந்த இரண்டு நிலத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

தெற்கில் அது ஊராக இருந்தது. மதம் மாறியவர்களுக்கு அடி உதை, வீடு இடிப்பு எல்லாம் நடந்தபோது, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் அவர்களுக்காக உண்டாக்கிய புகலிடம்தான் முதலூர். சொந்த மண், கோயில், பள்ளிக்கூடம். பிறகு அதே அச்சில் ஊர் ஊராக வந்தது. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் 192 அடிக்குக் கோபுரமே எழுப்பினார். ‘மிஷன் காம்பவுண்டு’ என்று இன்று நக்கலாகச் சொல்கிறோம். ஒதுங்க ஓர் இடம் இல்லாதவனுக்குக் காம்பவுண்டு சுவர் என்றால் என்ன என்பதை யோசித்துவிட்டு நக்கலடிக்கலாம்.

ஆனால் சங்கரன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி என்று விரியும் வடக்கில் அந்த அச்சு செல்லவில்லை. அங்கே சுவர் கட்டினால் உள்ளே வைக்க ஆளே கிடையாது. இதைக் கவனித்தவர் தாமஸ் கஜடன் ராக்லாந்து. ஜிப்ரால்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் 1841 கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அங்கேயே ஃபெலோவாக இருந்தவர். பிறகு சென்னையில் சி.எம்.எஸ். செயலாளர். நாற்காலி வேலை. அதை விட்டுவிட்டு 1854-ல் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு வடக்கே கூடாரத்துக்குப் போய்விட்டார்.

பங்களா கட்டக் கூடாது. ஓர் ஊரில் கூடாரம் போட்டு, சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடந்தோ குதிரையிலோ போய்ப் பேசணும். முடிந்ததும் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். கல்யாணமாகாதவர்கள்தான் இதற்குச் சரிப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. கரிசல் வெயிலில் கூடாரத்துக்குள் இருந்து பார்த்தால் அந்தக் கணக்கின் நியாயம் புரியும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தெற்குச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின, அவர்கள் செலவையும் தாங்களே ஏற்றுக்கொண்டன. இரண்டு தலைமுறைக்கு முன்னால் புகலிடம் தேடி ஓடியவர்களின் பிள்ளைகள், பனையேறிச் சம்பாதித்த காசில் இன்னொருத்தரை வெளியூருக்கு அனுப்புகிறார்கள்! ராக்லாந்துக்கு ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு உண்டு. ஏமி கார்மைக்கேல் எழுதினார். கூடவே நடந்த உபதேசியார்களுக்கு யாரும் எழுதவில்லை. இது எரிச்சலான விஷயம்தான்.

தலை எண்ணிப் பார்த்தால் கூடாரம் தோற்றது. நாலு வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர். இடையில் 1857 கலகம். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் நுரையீரலில் ரத்தம் கசிந்து ராக்லாந்து இறந்தார். வயது 43. சரியாகப் பத்து நாள் கழித்து கம்பெனி ஆட்சி முடிந்தது, மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ராணியின் அறிக்கை வந்தது.

சாலொமோன் கேட்டது நியாயம் விசாரிக்கும் விவேகத்தை. அந்தந்த வழக்கு வரும்போதுதான் அதற்கு வேலை. முதலூரில் சுவர் சரி. அதே சுவரைக் கரிசலுக்குத் தூக்கி வருவது சரியில்லை. ராக்லாந்து செய்தது அந்த விசாரணையைத்தான்.

அடுத்த வழக்கு 1902-ல் வந்தது. வெள்ளாளன்விளைப் போதகரின் மகன் வி. எஸ். அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம்ம ஊர்ச் சபைகள் இன்னும் வெள்ளைக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருக்கின்றனவே என்று உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பணம், ஆள், நிர்வாகம் மூன்றும் இந்தியர்களுடையதே. செயலாளர் அசரியாவுக்கு அப்போது வயது 28. நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு 1909-ல், ஆள் அனுப்பிக்கொண்டிருந்த செயலாளரே ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு படித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்.