அடைவு என்னும் பெயர்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில், இத்தகைய ஒன்றியத் தலைமையிடங்களிலிருந்துதான் இழைகள் சிற்றூர்களுக்குக் கிளைக்கின்றன. பரந்த வலையமைப்பில் எங்கே இழை அறுந்தது, எந்தக் கருவி அவிந்தது என்று கண்காணிக்க மென்பொருள் வேண்டும். 1999-இல் நெட்செயின்ட் என்று பிறந்து, பின்னர் நாகியோஸ் ஆனது அவ்வகையில் புகழ்பெற்றது. அது தொடங்கும்போதெல்லாம் கருவிகளின் விவரங்களைத் தொகுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும். வலைப்பக்கங்கள் அதிலிருந்தே படிக்கும். அதைப் பதுக்ககக் கோப்பு என்கிறார்கள். மறைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த கலைச்சொல்லுக்கு இது நேரான ஆக்கம்தான்; ஆனாலும் பதுக்கல் என்றதும் எனக்கு ரேஷன் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது!

அக்கோப்பு கிடக்கும் இடத்தின் பெயரோ, சொல்லன்பரே, சற்று நின்று சுவைக்கத் தக்கது. அடைவு.

அடை என்னும் பகுதி தன்வினையாய் நின்றால் சேர்தலும் எய்துதலும்; ஊரை அடைந்தான், கோழி அடையும் நேரம். பிறவினையாகித் தகரம் இரட்டித்ததும் அதுவே சாத்துதலாகிறது. கதவை அடைத்தான், மடையை அடைத்தான், கடையை அடைத்தான். சேர்வதற்கும் தடுப்பதற்கும் ஒரே வேர், இடையே ஒரு வல்லொற்று! அடைக்கலம் என்ற சொல்லிலோ சேர்ந்தவரைக் காக்கும் பொருள் குடியேறிவிட்டது. உரையாசிரியர்கள் ‘அடைவே’ என்றால் முறையே என்று பொருள். அந்த ஒழுங்குப் பொருளில் கிளைத்ததே நூலின் கடைசியில் சொற்களை வரிசைப்படுத்தும் சொல்லடைவு. அதே வேலைக்கு நாம் வழங்கும் அட்டவணை மராத்தியில் நினைவைக் குறிக்கும் ‘ஆடவண்’ என்பதன் திரிபு. தமிழ்போலவே ஒலிப்பதால் பலரும் அதை இரவல் என்று எண்ணுவதில்லை.

கணினியாளர் அடைவுக்குத் தரும் உரிமைகள் மூன்று: படித்தல், எழுதுதல், இயக்குதல், எண்ணால் 4, 2, 1. அடைவைப் பொறுத்தவரை மூன்றாவதன் பொருள் உள்நுழைதல். அது மட்டும் மறுக்கப்பட்டவர்க்குக் கோப்புகளின் பெயர் தெரியும், கோப்பை அடைய முடியாது. இவ்வெண்களைக் கூட்டி எழுதும் 755 என்றால் உடையவர்க்கு மூன்றும் உண்டு, ஏனையோர்க்கு எழுத்துரிமை மட்டும் இல்லை. சிக்கல் வந்ததும் 777 என்று எல்லாருக்கும் திறந்துவிடும் சோம்பலை நான் மதிப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய பதுக்ககக் கோப்பை நீக்க அக்கோப்பில் எழுதும் உரிமை தேவையில்லை. அதன் அடைவில் எழுதவும் நுழையவும் உரிமை இருந்தால் பொதுவாகப் போதும். ஏனெனில் அடைவு உண்மையில் ஒரு பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோப்பின் உள்ளெண் இருக்கும். நீக்குதல் என்பது பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. சொல்லடைவில் சொல்லும் பக்க எண்ணும் நிற்பதும் இந்த அமைப்பிலேதான்.