வாதாபி நோக்கி ஒரு பயணம்

வாதாபி என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் எழுவது தீப்பற்றி எரியும் ஒரு நகரம். 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'சிவகாமியின் சபதம்' மூட்டிய தீ அது. பள்ளிப் பருவத்தில் அந்நெருப்பைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்நகரை ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும் என்ற ஆவலே எங்களை வண்டியேற வைத்தது.

சென்னையிலிருந்து புறப்பட்டு, பெங்களூரில் இரவு தங்கி, மறுநாள் சித்ரதுர்கா, ஹொசப்பேட்டை வழியே வடக்கு நோக்கி விரைந்தோம். துங்கபத்திரையைக் கடந்தபின் மண் கறுத்தது. சோளக் கொல்லைகள் தொடர்ந்தன. மாமல்லனின் படை இத்தனை தொலைவையும் கால்நடையாகவும் யானை, குதிரைகளின் மீதும் கடந்தது என்றெண்ணியபோது, இருக்கையில் சாய்ந்திருந்த எங்களுக்குச் சற்றே கூச்சமாக இருந்தது.

மாலை வெயிலில் பாதாமியின் செம்பாறைக் குன்றுகள் தோன்றின. இரு குன்றுகளுக்கு நடுவே அகத்தியத் தீர்த்தம். அதன் கீழ்க்கரையில் பூதநாதர் ஆலயம். வடகுன்றின் பாறையில் முதலாம் புலிகேசி கோட்டை எழுப்பிய செய்தியைச் சொல்லும் கி.பி. 543-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. தென்குன்றில் குடைவரைகள். அவற்றுள் மூன்றாவது, மங்களேசனால் கி.பி. 578-இல் நிறைவு செய்யப்பட்டது. பல்லவர் படை நுழைவதற்கு 64 ஆண்டுகள் முற்பட்டது. அனந்தன் மீது அமர்ந்த திருமாலும், காலுயர்த்திய திரிவிக்கிரமனும் இன்றும் கம்பீரம் குன்றாமல் நிற்கிறார்கள். சாம்பலைத் தேடி வந்த எங்களுக்குக் கிடைத்தவை இச்சிற்பங்களே.

பல்லவர் வருகைக்கும் சான்று உண்டு. கி.பி. 642-இல் நகரைக் கைப்பற்றிய நரசிம்மவர்மனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிதைந்த நிலையில், இவ்வூர்ப் பாறையொன்றில் இருக்கிறது. 'வாதாபி கொண்ட' என்னும் அடைமொழிக்குக் கற்சாட்சி அது. புதினம் அங்கே முடிந்துவிடுகிறது, வரலாறோ முடியவில்லை. கி.பி. 655-இல் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் முடிசூடினான். சாளுக்கிய அரசு மீண்டும் தலைநிமிர்ந்தது.

அடுத்த நாள் காலை, 22 கி.மீ. தொலைவிலுள்ள பட்டடக்கல் சென்றோம். விரூபாட்சர் ஆலய விமானத்தைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தோம்: காஞ்சிக் கைலாசநாதரின் சாயல்! இரண்டாம் புலிகேசியின் எள்ளுப்பேரனான இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக, அவன் பட்டத்தரசி லோகமகாதேவி எடுப்பித்த கோயில் இது. பகைவர் நகரை வென்றதற்கான நினைவுச் சின்னம், அப்பகைவரின் கலைமரபையே தழுவி நிற்கிறது.

காஞ்சியில் அவன் என்ன செய்தான்? கைலாசநாதர் கோயில் தூணொன்றில் அவனுடைய கன்னடக் கல்வெட்டு உள்ளது. வென்ற நகரின் அக்கோயிற் செல்வத்தைக் கவராமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததாக அது கூறுகிறது. வெற்றியாளன் தன்னைப் பற்றிப் பொறித்த சொற்கள்தாம். எனினும், அழித்ததைப் பெருமையாகச் சொல்லாமல் விட்டுவைத்ததைப் பெருமையாகச் சொல்ல ஓர் அரசன் விரும்பினான் என்பதே சிந்திக்கத் தக்கது. காஞ்சிக்குப் பலமுறை சென்றும் அத்தூணின் முன் நான் நின்றதில்லை. ஏனெனில் நான் தேடியதெல்லாம் 'நம்' வெற்றிகளை மட்டுமே.

கல்கியின் மீது எனக்குக் குறையில்லை. அவர் எழுதாதிருந்தால் வாதாபியைத் தேடி நாங்கள் வந்திருக்கவே மாட்டோம். ஆனால் ஒரு கதை நம்மை வாசல்வரைதான் அழைத்துச் செல்லும். உள்ளே நுழைந்து கற்களைப் படிப்பது நம் பொறுப்பு.

நண்பர்களே, வாதாபி செல்வோர் பட்டடக்கல்லையும் கண்டு வாருங்கள். திரும்பியதும், காஞ்சியில் அந்தக் கன்னட எழுத்துகளின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அப்போதுதான் இப்பயணம் நிறைவுறும்.