மைக்கேல் ஏஞ்சலோவின் இன்னொரு பியேட்டா

மைக்கேல் ஏஞ்சலோ என்றதும் ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் உள்ள பியேட்டா சிலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் பளிங்குச் சிலை அது. அதே காட்சியை அவர் அறுபது வயதைக் கடந்த பின்பு, சுமார் 29 செ.மீ. உயரமுள்ள ஒரு தாளில் கறுப்பு சாக்குக்கட்டியால் வரைந்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

சிலைக்கு 1498இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிரெஞ்சு கர்தினால் ஒருவர் 450 தங்க டூக்கட் தருவதாக ஒப்புக்கொண்டார். ஓவியத்துக்கோ ஒப்பந்தமும் இல்லை, கூலியும் இல்லை. கணவரை இழந்த கவிஞர் விட்டோரியா கொலோன்னாவுக்கு நட்பின் பரிசாக, சுமார் 1538க்கும் 1544க்கும் இடையில் அவர் அதை வரைந்து கொடுத்தார்.

இரண்டிலும் துயரம் ஒன்றுதான்; ஆனால் அமைப்பு வேறு. சிலையில் இயேசுவின் உடல் தாயின் மடியில் குறுக்காகக் கிடக்கிறது. மரியாள் தலை குனிந்து மௌனமாக இருக்கிறாள். ஓவியத்தில் உடல் மடியில் இல்லை. அது தாயின் முழங்கால்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாகச் சரிகிறது. இரண்டு குட்டித் தேவதூதர்கள் அதன் கைகளைத் தாங்குகிறார்கள். மரியாளோ இரு கைகளையும் விரித்து வானத்தைப் பார்க்கிறாள். மகனின் உடல் கீழே இழுக்க, தாயின் கைகள் மேலே எழும்புகின்றன. பார்ப்பவரை உலுக்குவது இந்த எதிரெதிர் இழுப்புதான். விரிந்த அந்தக் கைகளே இன்னொரு சிலுவை போலவும் தோன்றும்.

நிழல் தீட்டியதிலும் ஒரு கணக்கு உண்டு. மிக நுணுக்கமான நிழல் இயேசுவின் மார்பிலும் வயிற்றிலும்தான் விழுகிறது. மென்மையாக ஒற்றி ஒற்றி வரைந்ததால் எங்கே நிழல் முடிகிறது, எங்கே சதை தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. வெளிச்சத்துக்குத் தனி வண்ணம் இல்லை; தாளின் வெறுமையே வெளிச்சம். அதனால் கண் முதலில் அந்த உயிரற்ற உடலில் நின்று, பிறகே தாயின் முகத்துக்கு ஏறுகிறது.

பின்னால் நிற்கும் சிலுவை மரத்தில் தாந்தேயின் ஒரு வரி எழுதப்பட்டுள்ளது. சிந்திய இரத்தத்தின் விலையைப் பற்றிய வரி அது. இறைவனின் அருள் உழைத்துச் சம்பாதிப்பதல்ல, இலவசமாக வருவது என்று கொலோன்னாவின் நண்பர் வட்டம் நம்பியது. திருச்சபையில் சீர்திருத்தச் சண்டை மூண்டிருந்த அந்தக் காலத்தில் இது ஆபத்தான பேச்சு. பிற்காலத்தில் அவ்வட்டத்தைச் சேர்ந்த சிலர் மதவிசாரணைக்கு ஆளானார்கள். விலை வாங்காத ஓவியத்தில் விலையைப் பற்றிய வரி வந்தது தற்செயல் அல்ல.

1546இல் ஜூலியோ பொனசோனே இதைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அமைப்பு அப்படியே வந்தது. ஆனால் தகட்டில் கீறிய கோடுகளுக்கு அந்த மெல்லிய நிழல் பிடிபடவில்லை. அதைக் காண, இன்று பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் உள்ள மூலத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.